பென்ஷன்காரர் சொர்க்கத்தில் ஒரு புகார்ப் பெட்டி

பெங்களூருக்குப் 'பென்ஷன்காரர்களின் சொர்க்கம்' என்று பெயர் சூட்டியவர்கள், பென்ஷன்காரர்களின் வாயைக் கிளறிப் பார்த்துவிட்டுச் சூட்டியதாகத் தெரியவில்லை. கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் உயரம், மின்விசிறி தேவைப்படாத வீடுகள், தோட்டத்துக்கு நடுவே ஓட்டு வீடு என்று வெள்ளைக்காரர் காலத்தில் உருவான பெருமை அது. மைசூர் மகாராஜா ஆங்கிலோ-இந்தியர்கள் குடியேறுவதற்காக 1882இல் நிலம் கொடுத்து உருவான ஒயிட்ஃபீல்டில், பணி ஓய்வு பெற்றவர்கள் கோழி வளர்த்து நிம்மதியாக வாழ்ந்தார்கள். இன்று அதே ஒயிட்ஃபீல்டுக்குப் போய்த் திரும்புவதற்குள் ஒரு பகல் போய்விடும். அதைப்பற்றிப் புலம்புவதற்கென்றே நகரத்தின் இன்னொரு மூலையில் ஓர் இடம் இருக்கிறது. அதுதான் லால்பாக்.

1760இல் ஹைதர் அலி தொடங்கிய இந்தத் தோட்டத்தின் பரப்பு 240 ஏக்கர். 1889இல் எழும்பிய கண்ணாடி மாளிகை, 300 கோடி வயது என்று அறிவியலாளர்கள் சொல்லும் பாறை, அதன் உச்சியில் கெம்பேகௌடா கோபுரம் எல்லாம் சுற்றுலாப் பயணிகளுக்கு. காலை ஆறு மணிக்கு வருகிறவர்களுக்கு முக்கியமானது மரத்தடி பெஞ்சுதான். குரங்குக் குல்லாய், மஃப்ளர், கான்வாஸ் ஷூ சகிதமாக அரை மணி நேரம் நடப்பார்கள். பிறகு ஒரு மணி நேரம் உட்கார்வார்கள். மருத்துவர் எழுதிக் கொடுத்தது நடையைத்தான் என்றாலும், குணம் தெரிவது என்னவோ பெஞ்சில்தான்.

பேச்சு கன்னடத்தில் தொடங்கும், தமிழில் சூடு பிடிக்கும், தெலுங்கில் கிளை பிரியும், ஆங்கிலத்தில் தீர்ப்பாகும். வங்கி, தபால் இலாகா, தொலைபேசித் தொழிற்சாலை, கடிகாரத் தொழிற்சாலை, விமானத் தொழிற்சாலை என்று வந்த இடம் பலவானாலும், வீட்டில் எல்லோருக்கும் ஒரே பதவிதான்: கொத்தமல்லிக் கட்டு வாங்கி வருபவர்.

முதல் புகார் அதுதான். நாற்பது பேருக்குக் கையெழுத்துப் போட்டுச் சம்பளம் கொடுத்த ஒருவர், இப்போது தேங்காயைத் தட்டிப் பார்க்கத் தெரியவில்லை என்று வீட்டில் கெட்ட பெயர் எடுத்திருக்கிறார். இன்னொருவருக்குச் செய்தித்தாள் பிரச்சினை. தலையங்கத்துக்கு வரும் நேரம் பார்த்து வேலைக்காரப் பெண் துடைப்பத்துடன் வந்து, "சார், காலைத் தூக்குங்க" என்கிறாள். பத்து நிமிடத்தில் ஈரத் துணியுடன் மறுபடி வருகிறாள். "ஆபீசில் என் நாற்காலியை நகர்த்த யாருக்கும் தைரியம் கிடையாது. இங்கே என்னையே நகர்த்துகிறார்கள்" என்பது அவர் வாதம். இரண்டாவது காபி கேட்டால் மனைவி சர்க்கரை அளவைச் சொல்கிறார் என்று மூன்றாமவருக்கு வருத்தம். காபிக்குப் போடும் சர்க்கரையல்ல, ரத்தத்தில் இருக்கும் சர்க்கரை!

2023 ஜூன் 11 முதல் பெஞ்சுக்குப் புதிய புகார் ஒன்று கிடைத்தது. கர்நாடக அரசின் 'சக்தி' திட்டத்தில், மாநிலத்தில் வசிக்கும் பெண்களுக்குச் சாதாரண அரசுப் பேருந்துகளில் இலவசப் பயணம். கண்டக்டர் மனைவிக்குக் கட்டணமில்லாச் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, கணவரைப் பார்த்துக் கையை நீட்டுகிறார். முன்பெல்லாம் "ஆட்டோவில் போகலாமே" என்று இழுத்த அம்மணிகள், இப்போது மல்லேஸ்வரம் அக்கா வீடு, ஜயநகர் புடவைக்கடை என்று நகர்வலம் வருகிறார்கள். மதியச் சாப்பாடு மேஜையில் மூடி வைக்கப்பட்டிருக்கிறது. "திட்டம் நல்லதுதான். ஆனால் தயிர் எங்கே இருக்கிறது என்று எழுதி வைத்துவிட்டுப் போகக் கூடாதா?" என்பதுதான் பெஞ்சின் ஒருமித்த கருத்து.

ரயிலில் நிலைமை வேறு. 60 வயதான ஆண்களுக்கு 40 சதவீதமும், 58 வயதான பெண்களுக்கு 50 சதவீதமும் கட்டணச் சலுகை இருந்தது. கோவிட் பரவிய 2020 மார்ச்சில் அது நிறுத்தப்பட்டது. ஆக, ரயிலில் இருவரும் முழுக் கட்டணம். "அங்கேயாவது சமத்துவம்" என்று ஒருவர் சொல்ல, யாரும் சிரிப்பதில்லை. சொந்த ஊர்க் கோயிலுக்கு வருடத்துக்கு இரண்டு முறை போய்வந்தவர்கள் ஒரு முறையோடு நிறுத்திக்கொண்ட கதை அதில் இருக்கிறது.

நவம்பர் வந்துவிட்டால் பெஞ்சில் ஒரே பேச்சுதான்: உயிரோடு இருப்பதை நிரூபிப்பது எப்படி? மத்திய அரசு ஓய்வூதியர்கள் ஆண்டுதோறும் அந்த மாதத்தில் வாழ்வுச் சான்றிதழ் தர வேண்டும். 80 வயது கடந்தவர்கள் அக்டோபரிலேயே தரலாம். வரிசையில் நிற்கும் தொல்லையைக் குறைக்க 2014 நவம்பரில் 'ஜீவன் பிரமாண்' வந்தது. கைரேகை வைத்தால் போதும். ஆனால் வயதானால் விரலில் ரேகை தேய்ந்துவிடுகிறது என்பது இயந்திரத்துக்குத் தெரியாது. எண்ணெய் தடவி, துடைத்து, ஊதி, கட்டை விரலை ஐந்து முறை அழுத்தியும் ஆளை ஒப்புக்கொள்ளாத இயந்திரத்தின் முன், "நான் உயிரோடுதான் இருக்கிறேன்" என்று வாதாடியவர்கள் பெஞ்சில் இருக்கிறார்கள். 2021 நவம்பரில் முகத்தைக் காட்டிச் சான்று பெறும் வசதியும் வந்துவிட்டது. அதற்கு மொபைலைப் பார்த்துக் கண் சிமிட்ட வேண்டும். கல்யாணம் ஆன நாளிலிருந்து சிமிட்டாத கண்ணை அரசாங்கத்துக்காகச் சிமிட்ட வேண்டியிருக்கிறதே என்பது அவர்கள் ஆதங்கம்.

சிரிப்பு ஓய்ந்தால், பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் பேசமாட்டார்கள். அவர்கள் தொழிற்சாலைக்காரர்கள். அரசு ஊழியர்களுக்குப் போலப் பஞ்சப்படியோடு உயரும் ஓய்வூதியம் அவர்களுக்கு இல்லை. 1995 நவம்பரில் வந்த தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில், சம்பளத்தைப் பணியாண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுத்தால் வருவதுதான் மாத ஓய்வூதியம். 2014 வரை அந்தக் கணக்கில் சம்பளத்துக்கு உச்சவரம்பு 6,500 ரூபாய். முப்பது வருடம் உழைத்தவருக்கும் அது மூவாயிரத்தைத் தொடாது. குறைந்தபட்சம் 1,000 ரூபாய் என்று நிர்ணயித்ததே 2014 செப்டம்பரில்தான். அதை 7,500 ஆக்கக் கோரி நாடெங்கும் முதியவர்கள் தெருவில் உட்கார்ந்தார்கள். 2024 மார்ச்சில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றி நகரம் தவித்தபோது, வீட்டுக்கு ஒரு லாரித் தண்ணீர் வாங்கிய செலவு சிலருக்கு ஒரு மாத ஓய்வூதியத்தைச் சாப்பிட்டது. காவிரி நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து மேடேறி வர வேண்டிய ஊர் இது. மின்விசிறியும் இப்போது அத்தியாவசியம்: 2016 ஏப்ரலில் வெயில் 39.2 டிகிரியைத் தொட்டது.

இந்தப் புகார்களில் எல்லாம் எதிர்த்தரப்பு வாதம் கேட்கப்படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அம்மணிகள் பெஞ்சுக்கு வருவதில்லை. அந்த நேரத்தில் அவர்கள் அடுப்படியில் இருக்கிறார்கள். 2019இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கின்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் சம்பளமில்லாமல் அதற்குச் செலவிடுவது நாளுக்கு 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம். கணவர் 60 வயதில் மாலையும் சால்வையுமாக வீடு திரும்பினார். மனைவிக்கு அந்த விழா எந்த வயதில் என்று யாரும் சொல்லவில்லை. மாறாக, பகலில் நிம்மதியாக இருந்த வீட்டில், சாம்பாரில் ஏன் முருங்கைக்காய் இல்லை என்று கேட்க ஒரு மேலதிகாரி வந்து சேர்ந்தார். நல்லவேளை, அக்கா வீட்டுக்குப் போகப் பேருந்து இருக்கிறது.

பெஞ்சில் இதை ஒப்புக்கொள்பவர் ஒருவர் மட்டுமே. ஓய்வுபெற்ற ஆசிரியர், மனைவியை இழந்து நான்கு வருடமாகிறது. மற்றவர்கள் இரண்டாவது காபி பற்றிப் புலம்பும்போது அவர் செருப்பு நுனியைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் மட்டும் பொறுக்கமாட்டாமல் சொன்னார்: "இப்போது எனக்கு எத்தனை காபி வேண்டுமானாலும் குடிக்கலாம் சார். வேண்டாம் என்று சொல்லத்தான் ஆள் இல்லை." பிறகு, பெஞ்சுக்கே பாடம் நடத்துகிற தோரணையில் இரண்டு கட்டளைகள் போட்டார். பாஸ்புக்கும் ஓய்வூதிய ஆணையும் எந்த அலமாரியில் இருக்கின்றன, குடும்ப ஓய்வூதியத்துக்கு யாரைப் பார்க்க வேண்டும் என்று வீட்டம்மாவுக்குச் சொல்லிவைக்க வேண்டும். பதிலுக்கு ரசமும் காபியும் போட அவரிடம் கற்றுக்கொள்ள வேண்டும்.

அன்று சபை சீக்கிரமே கலைந்தது. அடுத்த வாரம் பெஞ்சில் புதிய புகார்கள் வந்துவிட்டன. ஃபில்டரில் டிகாக்ஷன் இறங்க முக்கால் மணி நேரம் ஆகிறது. காபித்தூள் விற்கிற விலையில் கரண்டியால் அள்ளவே கை நடுங்குகிறது. அதைவிடக் கொடுமை, இத்தனை பாடுபட்டுப் போட்ட காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, "பரவாயில்லை" என்று மட்டும் சொல்கிறாராம் அம்மணி!