இரண்டு பாட்டுக்கு நடுவே

மைக் செட்காரரின் மகன் 54 வயதில் டி.ஜே. வகுப்பில் சேர்ந்தபோது...

ஜோகுபாளையத்தில் எதற்கும் வகுப்பு உண்டு. பரதநாட்டியம், அபாகஸ், வங்கித் தேர்வு, ஜெர்மன் மொழி. அந்த வரிசையில் இப்போது டி.ஜே. என்கிற டிஸ்க் ஜாக்கியும் சேர்ந்துவிட்டார். ஒரு தையல் கடையின் மாடியில், சனி ஞாயிறு காலைகளில், எட்டு வகுப்புகள் கொண்ட ஆரம்பப் பயிற்சி. என்னோடு சேர்ந்தவர்கள் இரண்டு மென்பொருள் பொறியாளர்கள், ஒரு கல்லூரி மாணவி, ஒரு பல் டாக்டர். ஆசிரியருக்கு இருபத்தாறு வயதுதான் இருக்கும். ஆறு பேரில் நான் ஒருவன்தான் எல்லோருக்கும் 'அங்கிள்'.

வாரம் முழுக்க கணக்கு எழுதும் உத்தியோகஸ்தனுக்கு இது எதற்கு என்று நண்பர்கள் கேட்டார்கள். தை மாதம் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு மாண்டியா பக்கம். காவிரி பாயும் கிராமம், கன்னடக் குடும்பம். "ரிசப்ஷனுக்குப் பாட்டு நீங்களே போடுங்கப்பா. தாத்தா போட்ட தெருதானே?" என்றாள் மகள்.

தாத்தா என்றால் என் அப்பா. அல்சூரிலும் ஜோகுபாளையத்திலும் எழுபதுகளிலிருந்து மைக் செட் வாடகைக்கு விட்டவர். இந்தப் பகுதிகள் பெங்களூரின் பழைய கன்டோன்மென்ட்டை ஒட்டியவை. மதராஸ் சாப்பர்ஸ் என்ற படைப்பிரிவின் மையம் அல்சூர் ஏரிக்கு அருகில்தான் இன்றும் இருக்கிறது. ராணுவத்தோடும் அதன் தேவைகளோடும் வந்து தங்கிய தமிழ்க் குடும்பங்கள் இங்கே ஏராளம். அவர்கள் வீட்டுக் கல்யாணம், காதுகுத்து, கூழ் ஊற்றும் திருவிழா எல்லாவற்றுக்கும் அப்பாவின் குழாய் ஸ்பீக்கர் கம்பத்தில் ஏறும்.

வகுப்பின் முதல் பாடம் எண்ணுவது. ஒரு பாட்டில் நிமிடத்துக்கு எத்தனை அடி விழுகிறது என்பதே டி.ஜே.யின் அரிச்சுவடி. நடன அரங்குகளில் ஒலிக்கும் பாட்டுகளில் பல 120லிருந்து 130க்குள் அடங்கும். ஓடிக்கொண்டிருப்பது 124, அடுத்து வரவேண்டியது 120 என்றால், அடுத்ததன் வேகத்தைச் சுமார் 3.3 சதவிகிதம் கூட்ட வேண்டும். அதற்கென்று ஒரு நழுவு பொத்தான் இருக்கிறது. கூட்டம் ஒரு பாட்டைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது, டி.ஜே. ஹெட்போனில் ஒரு காதால் அடுத்த பாட்டைக் கேட்கிறார். இரண்டு காதிலும் இரண்டு பாட்டு. அடிகள் ஒன்றன் மேல் ஒன்று உட்காரும்வரை நகர்த்தி, பிறகு ஒன்றைத் தணித்து மற்றதை ஏற்ற வேண்டும்.

சொல்லும்போது எளிது. இரண்டு பாட்டுக்கும் நிமிடத்துக்கு அரை அடி வித்தியாசம் இருந்தால்கூட, ஒரே நிமிடத்தில் ஒன்றின் அடிக்கு நட்டநடுவில் மற்றதன் அடி வந்து விழுகிறது. கல் பாவிய தெருவில் இரண்டு குதிரைகள் ஓடுகிற சத்தம். இப்போதைய இயந்திரங்களில் வேகத்தைத் தானாகவே பொருத்திவிடும் 'சிங்க்' பொத்தான் உண்டு. எங்கள் ஆசிரியர் அதன் மேல் ஸ்டிக்கர் ஒட்டி மறைத்துவிட்டார். "அங்கிள், ஸ்கிரீனைப் பாக்காதீங்க. கண்ணை மூடிட்டுக் கேளுங்க" என்பார், கன்னட வாசனை அடிக்கும் பெங்களூர்த் தமிழில்.

பொத்தான் இருந்தாலும் நம் பாட்டுகளுக்கு அது அவ்வளவாக உதவாது. சீக்வென்சர் வருவதற்கு முந்தைய சினிமாப் பாட்டுகள், முழு வாத்தியக் குழுவும் உட்கார்ந்து சேர்ந்து வாசித்துப் பதிவானவை. சரணத்தில் லேசாக நிதானிக்கும், பல்லவிக்குத் திரும்பும்போது துள்ளும். மனிதர் வாசித்ததை இயந்திரத்தின் கட்டங்களுக்குள் அடைக்க முடிவதில்லை. குத்துப் பாட்டுகளில் பல திஸ்ர நடை, மும்மூன்றாக நடப்பவை. மேல்நாட்டு நடன இசையோ நாலு நாலாக நடக்கும். இரண்டையும் நேராக ஒட்டினால் ஒன்றின் காலை மற்றது மிதிக்கும்.

ஒரு விஷயம் மட்டும் எனக்குச் சட்டென்று பிடிபட்டது. எட்டு நாலு முப்பத்திரண்டு அடி சேர்ந்தது ஒரு பத்தி, அது முடிகிற இடத்தில்தான் அடுத்த பாட்டை நுழைக்க வேண்டும் என்றார் ஆசிரியர். ஆதி தாளத்துக்கும் எட்டு எண்ணிக்கை. சதுஸ்ர நடையில் ஒவ்வொன்றுக்கும் நாலு மாத்திரை. கச்சேரியில் தொடையில் தாளம் போட்டுப் பழகிய கைக்கு இது புதிதல்ல. பல் டாக்டர் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருக்க, நான் மேசைக்கடியில் தாளம் போட்டேன்.

ஹிப்-ஹாப் இசைக்கு உலகம் குறித்துவைத்திருக்கும் பிறந்த நாள் 1973 ஆகஸ்ட் 11. ஜமைக்காவில் பிறந்த கிளைவ் காம்பெல் என்ற இளைஞர், நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் தங்கை சிண்டி ஏற்பாடு செய்த விருந்தில் பாட்டுப் போட்டார். 'டி.ஜே. கூல் ஹெர்க்' என்று அவர் புகழ்பெற்றது ஒரு கண்டுபிடிப்புக்காக. பாட்டின் நடுவே பாடகர் ஓய்ந்து தாளம் மட்டும் ஒலிக்கும் சில வினாடிகளில்தான் கூட்டம் வெறியோடு ஆடுகிறது என்பதைக் கவனித்தார். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு கருவிகளில் வைத்து, அந்தப் பகுதியை மாற்றி மாற்றி ஓட்டி நீட்டினார். ஜப்பானின் மட்சுஷிதா நிறுவனம் 1972ல் 'டெக்னிக்ஸ் எஸ்.எல். 1200' என்ற கருவியை வெளியிட்டிருந்தது. வீட்டில் பாட்டுக் கேட்பவர்களுக்காகச் செய்தது. பெல்ட் இல்லாமல் மோட்டாரே தட்டை நேராகச் சுழற்றியதால் கையால் நிறுத்தினாலும் நொடியில் வேகம் பிடித்தது, டி.ஜே.க்கள் அதைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். 2010ல் நிறுத்தப்பட்ட தயாரிப்பு 2016ல் மறுபடி தொடங்கியது.

அப்பாவிடம் இருந்தது ஒரே ஒரு ரிக்கார்டு பிளேயர். எனவே ஒரு பாட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே இடைவெளி தவிர்க்க முடியாதது. தட்டை எடுத்து, துடைத்து, அடுத்ததை வைத்து, முள்ளை இறக்க வேண்டும். கை பழகியவர் என்பதால் மூச்சு விடும் நேரத்தில் முடித்துவிடுவார். ஆனால் கூட்டத்தைப் படிப்பதில் அவர் கூல் ஹெர்க்குக்கு இளைத்தவரல்ல. பிள்ளையார் பாட்டில் தொடங்கி, மாப்பிள்ளை அழைப்புக்கு ஒன்று, பந்தி நடக்கும்போது மென்மையாக ஒன்று, பந்தி முடிந்ததும் இளவட்டங்களுக்கு என்று யாரும் சொல்லாமலே தெரியும். தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தி எல்லாம் கலந்து வரும். எது எத்தனை என்று யாரும் எண்ணியதில்லை.

எண்ணத் தொடங்கியது 1991 டிசம்பருக்குப் பிறகு. காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணை அரசிதழில் வெளியானதும் பெங்களூரில் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். எனக்கு அப்போது இருபது வயது. அப்பா தமிழ் ரிக்கார்டுகளையும் கேசட்டுகளையும் டிரங்குப் பெட்டியில் அடுக்கிக் கட்டிலுக்கடியில் தள்ளியது நினைவிருக்கிறது. சில மாதங்களில் தொழில் திரும்பியது. ஆனால் பாட்டுப் போடும் முறை மாறிவிட்டது. முதலில் கன்னடப் பாட்டு. பிறகு ஒரு நிறுத்தம். தெருமுனையில் யாராவது நிற்கிறார்களா என்று பார்ப்பார். அரை நிமிடம் கழித்தே தமிழ்ப் பாட்டு, அதுவும் குரலைக் குறைத்து. அப்போது கேசட் காலம். அந்த அரை நிமிடம் இயந்திரத்துக்குத் தேவையே இல்லை. அப்பாவுக்குத் தேவைப்பட்டது.

அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலையும் அதே 1991லிருந்து மூடிக் கிடந்தது. திறக்கப் பதினெட்டு ஆண்டுகள் ஆயின. 2009 ஆகஸ்ட் 9 அன்று இங்கே வள்ளுவர் சிலை திறக்கப்பட்டது. நாலே நாளில் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் சிலை. இரண்டு மாநில முதல்வர்களும் இரண்டு விழாவிலும் நின்றார்கள். ஆனாலும் 2016 செப்டம்பரில் காவிரிக்காக இதே நகரத்தில் பேருந்துகள் எரிந்தன. அன்று மகளைக் கல்லூரியிலிருந்து அழைத்து வந்தபோது, ஆட்டோவில் அவள் போன் ஒலித்தது. அழைப்பு மணி ஒரு தமிழ்ப் பாட்டு. அவசரமாக அணைத்தாள். எனக்கு அப்பாவின் பெட்டி நினைவுக்கு வந்தது.

ஆறாவது வகுப்பில் எல்லோரும் தங்களுக்குப் பிடித்த இரண்டு பாட்டுகளை இணைக்க வேண்டும் என்றார் ஆசிரியர். நான் எடுத்துப் போனது இளையராஜாவின் ஒரே மெட்டு, இரண்டு மொழிகளில். 1981ல் சங்கர் நாக் நடித்து இயக்கிய 'கீதா' என்ற கன்னடப் படத்தில் ஒன்று. 1984ல் வந்த 'நூறாவது நாள்' தமிழ்ப் படத்தில் மற்றது. இரண்டிலும் எஸ்.பி.பாலசுப்ரமணியம், எஸ்.ஜானகி குரல்கள். மெட்டு ஒன்று என்பதால் சுலபம் என்று யாரும் நினைக்க வேண்டாம். வெவ்வேறு நாளில் வாசித்த வாத்தியக் குழுவின் மூச்சு ஒன்றாக இருக்காது. கொஞ்சம் விட்டால் ஒன்று முந்தும். விரலால் சக்கரத்தைத் தொட்டுத் தொட்டு இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது. கன்னடப் பல்லவி முடியும் முப்பத்திரண்டாவது அடியில் தமிழ் நுழைந்தது. ஆசிரியர் நிமிர்ந்து பார்த்தார். "இது எங்க பாட்டு அங்கிள், தமிழ்லயும் இருக்கா?" என்றார். எங்கள் வீட்டில் இத்தனை வருடமாக இதே கேள்வியைத் திருப்பிப் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

மாண்டியாவிலிருந்து வரும் பெரியவர்களுக்கு என் மகளின் மொழி தெரியாது; எங்கள் பக்கத்து அத்தைகளுக்குக் கன்னடம் தெரிந்தும் பேசக் கூச்சம். பந்தியில் எதிரெதிரே உட்கார்ந்து என்ன பேசுவார்கள் என்ற கவலை இரண்டு வீட்டிலும் இருக்கிறது. பாட்டு அதைத் தீர்த்துவிடும் என்று நான் நம்பவில்லை. நதிநீர்ப் பங்கீடு டி.ஜே.யின் கையில் இல்லை. ஆனால் இரண்டு மேசையிலும் ஒரே நேரத்தில் யாராவது தாளம் போட்டால், அது ஒரு தொடக்கம்.

மண்டபம் குடியிருப்புகளுக்கு நடுவில் இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. ஆக, எட்டிலிருந்து பத்துவரை இரண்டு மணி நேரம். பட்டியலை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "பிள்ளையார் பாட்டு முதல்ல. மத்ததெல்லாம் உன் இஷ்டம்" என்றாள். அப்படியே எழுதிவிட்டேன். பட்டியலில் நான் சேர்க்காதது ஒன்றுதான்: அப்பாவின் அந்த அரை நிமிடம்.