பிடாரி இல்லை, பிடாதாரி! - சிங்கப்பூரில் தாத்தாவின் கபரைத் தேடிய பேரன்

லால்பேட்டையில் உள்ள அந்த வீட்டின் தகரப்பெட்டிக்குள் 60 வருடங்களுக்கும் மேலாக ஒரு கடிதம் இருந்தது. சிங்கப்பூரிலிருந்து வந்தது. ரஜப் பிறை 14-ல் வீட்டுக்காரர் மவுத்தாகிவிட்டார், பிடாரி மையவாடியில் அடக்கம் செய்தாயிற்று என்று மூன்றே வரி. வருடம்கூட ஹிஜ்ரி 1378 என்றுதான் இருந்தது.

அப்போது மகனுக்கு ஐந்து வயது. நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறிப் போன அத்தாவின் முகம், அவருக்கு ஒரே ஒரு போட்டோவில்தான் தெரியும். கொடிக்காலில் வெற்றிலை கிள்ளி அவரை ஆளாக்கினார் அம்மா. 'ஒரு தடவையாவது அங்கே போய் நின்னு ஸலாம் சொல்லிடு' என்பதுதான் அம்மா கடைசியாகக் கேட்டது. வயது எழுபதை நெருங்கியும் அவரால் போக முடியவில்லை. முட்டிவலி வேறு.

2022 நவம்பரில் ஒரு செய்தி வந்தது. தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்த ஒருவர், மலேசியாவின் கெர்லிங்கில் ஆசிரியராக இருந்து 1967-ல் இறந்த தன் தந்தையின் சமாதியைக் கண்டுபிடித்துவிட்டார். தந்தை வேலை பார்த்த தமிழ்ப் பள்ளியை கூகுளில் தேடித் தொடர்புகொண்டதில், பழைய மாணவர்கள் உதவியிருக்கிறார்கள். அதைப் படித்ததும், சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகனுக்கு போன் போட்டார் இவர்.

"ஐம்பத்தஞ்சு வருஷம் கழிச்சு அவர் கண்டுபிடிச்சிருக்கார் தம்பி. நீ அங்கேயேதானே இருக்கே?"

மகன் செல்போன் மேப்பில் 'பிடாரி' என்று தேடினார். எதுவும் வரவில்லை. முஸ்லிம் மையவாடிக்கு எப்படி பிடாரி என்று பெயர் இருக்கும் என்பதே அவருக்குப் புரியவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசலில் ஒரு பெரியவரிடம் கேட்டார்.

"அது பிடாரி இல்லை தம்பி, பிடாதாரி. மலாய்ல தேவதைன்னு அர்த்தம். நம்ம ஆளுங்க வாய்க்கு வந்தபடி எழுதியிருப்பாங்க" என்று சிரித்த பெரியவர், கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார். "ஆனா, அங்கே இப்போ ஒரு கபரும் கிடையாது."

பிடாதாரியில் 1972-லேயே அடக்கம் செய்வதை நிறுத்திவிட்டார்கள். 2001 முதல் 2006 வரை மொத்த இடத்தையும் தோண்டினார்கள். கிறிஸ்தவர்களின் கல்லறைகள் சுமார் 58,000, முஸ்லிம்களின் கபர்கள் சுமார் 68,000. முஸ்லிம்களின் எலும்புகளை எடுத்து, தீவின் மேற்கே சுவா சூ காங்கில் மறுபடி அடக்கினார்கள். சின்னத் தீவு, நிலம் போதாது. 1998-லிருந்து புதிதாக அடக்கப்படுபவர்களுக்கும் 15 வருடங்கள்தான். அதன் பிறகு எலும்புகளை எடுத்துவிடுவார்கள். எரிக்கக் கூடாத மதத்தவர் என்றால், சிறிய குழியில் மறுபடி அடக்கம்.

மகன் விடவில்லை. ஹிஜ்ரி 1378 ரஜப் பிறை 14, ஆங்கிலக் கணக்கில் 1959 ஜனவரி நான்காவது வாரம். அடுத்தது பெயர். ஊர் வழக்கத்தில் இனிஷியலோடு இருந்த தாத்தாவின் பெயர், அங்கே 'இன்னார் பின் இன்னார்' என்று தகப்பனார் பெயரோடு பதிவாகியிருக்கும். முகம்மது என்ற ஒரு பெயரையே ஆங்கிலத்தில் ஐந்தாறு விதமாக எழுதுவார்கள். கொள்ளுத்தாத்தாவின் முழுப் பெயரை ஊரில் ஒரு பழைய நிலப் பத்திரத்தில் தேடி எடுத்து அனுப்பினார் அத்தா. மாதங்கள் ஓடின. கடைசியில் தேதியும் பெயரும் ஒத்துப்போன பதிவு ஒன்று கிடைத்தது. உரிமை கோரி யாரும் வராத கபர். அப்படிப்பட்டவர்களைப் பலரோடு சேர்த்து ஒரே குழியில் அடக்கிவிட்டார்களாம்.

தோண்டப்போகிறோம், சொந்தக்காரர்கள் வரலாம் என்று சிங்கப்பூர் பத்திரிகையில் வந்த அறிவிப்பு, லால்பேட்டைக்கு எப்படி வந்து சேரும்?

முதலில் பிடாதாரி இருந்த இடத்துக்குப் போனார் மகன். உட்லே ரயில் நிலையம், அடுக்குமாடி வீடுகள், சைக்கிள் ஓட்டும் பிள்ளைகள். அடுத்து சுவா சூ காங். வரிசை வரிசையாகக் குழிகள். இதில்தான் தாத்தா என்று விரல் நீட்டிக் காட்ட முடியாது. பொதுவாக எல்லோருக்கும் ஸலாம் சொன்னார். பாத்திஹா ஓதினார். பிறகு வீடியோ காலில் அத்தாவைக் கூப்பிட்டார்.

"தனி கபர் இல்லைத்தா. நிறைய பேரோட சேர்த்துத்தான் வெச்சிருக்காங்க" என்றபோது மகனின் குரல் உடைந்தது.

அத்தா சற்று நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடைக்கு மேல சின்ன ரூம்ல எட்டுப் பேரா தங்கியிருந்தாருன்னு அம்மா சொல்லும். அவருக்குக் கூட்டம் பழக்கம்தான் தம்பி. போனை அப்படியே கொஞ்சம் திருப்பிக் காட்டு."

கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, அவரே வாய்விட்டு ஸலாம் சொன்னார்.

அன்று மாலை அந்தப் போட்டோவைச் சுவரிலிருந்து இறக்கச் சொன்னார். பின்னட்டையில் பெயர், தகப்பனார் பெயர், மவுத்தான தேதி, பிடாதாரி, சுவா சூ காங் என எல்லாவற்றையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் பேத்தியை எழுத வைத்தார். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் அதைப் படமெடுத்துப் போட்டதும் ஓர் உறவுக்காரர் கேட்டார்: "ரங்கூன்ல மவுத்தான எங்க பெரியத்தாவையும் இப்படித் தேடலாமா?"