றொச்செஸ்ரரில் ஒரு விளையாட்டு மண்டபம்

ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில் வாழும் எமது தமக்கையார் இல்லத்தில், 2025ஆம் ஆண்டு ஆவணி விடுமுறையைக் கழித்தோம். அவருடைய இளைய மகன் பன்னிரண்டு வயதினன். எட்டு மாதங்களாக அவன் ஒரு மனக்குறையைச் சுமந்துகொண்டிருந்தான். 2024 மார்கழியில், லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலே அவ்வாண்டின் மிகச் சிறந்த வீடியோ விளையாட்டு தெரிவு செய்யப்பட்டபொழுது, அவன் நேசித்த 'பலாட்ரோ' தோற்றுவிட்டதாம்.

அது சீட்டாட்டத்தை அடியொற்றியது. கனடாக்காரர் ஒருவர், தம் பெயரை மறைத்துக்கொண்டு, ஏறக்குறையத் தனியொருவராகவே ஆக்கியது. வென்ற 'அஸ்ரோ பொட்' யப்பானிய நிறுவனமொன்றின் படைப்பு. நடுவர் குழுவின் வாக்குக்கு நூற்றுக்கு 90 பங்கு. பொதுமக்களுக்கு 10 பங்கு.

"இது நீதியா, மாமா?" என்றான்.

"விளையாட்டுக்கா இத்தனை துயரம், தம்பி?" என்று கடிந்துகொண்டோம். அன்றிரவு அவன் எம்முடன் பேசவில்லை.

சமாதானம் செய்யும் பொருட்டே, தமக்கையாரின் கணவரையும் கூட்டிக்கொண்டு, ஒன்ராறியோ ஏரியைச் சுற்றி, நயாகராவின் அருகே எல்லை கடந்து, நியூயோர்க் மாநிலத்து றொச்செஸ்ரர் நகருக்குச் சென்றோம். கொடக் கமெராக்கள் பிறந்த ஊர் இது. அக்கம்பனியின் பங்குகளாற் செல்வம் பெருகிய குடும்பத்தில் வந்த மார்கரெட் ஸ்ரோங் அம்மையார், வாழ்நாளெல்லாம் பொம்மைகளைச் சேர்த்தார், 1969இல் மறைந்தார். அவர் சேர்த்தவற்றைக் கொண்டு எழுந்த நூதனசாலை 1982இல் திறக்கப்பட்டது. அங்கே புகழ்பெற்ற விளையாட்டுப் பொருள்களின் வரிசையில் மட்டைப்பெட்டியும் வெறும் மரக்குச்சியும் இடம்பெற்றிருக்கக் கண்டு மகிழ்ந்தோம்.

வீடியோ விளையாட்டுகளுக்கெனத் தனி வரிசை 2015இல் தொடங்கிற்று. பொங், பக்-மான், ரெற்றிஸ், சுப்பர் மரியோ, டூம், வேர்ல்ட் ஒவ் வோர்கிராவ்ற் என்னும் ஆறும் முதலில் ஏறியவை. இங்கே ஆண்டின் சிறந்ததை எவரும் தேடுவதில்லை. பலரும் அறிந்ததா, நெடுங்காலம் நின்றதா, நாடுகள் கடந்ததா, பின்வந்தவற்றை மாற்றியதா என்றே வினவுகின்றனர்.

எமது கல்லூரியில் ஆண்டின் சிறந்த கட்டுரையைத் தெரிவு செய்யும் பொறுப்பு எம்முடையது. பத்தாண்டுகளுக்கு முன் பரிசு பெற்ற கட்டுரை எதுவென்று கேட்டால் நினைவில்லை. பரிசு பெறாத ஒன்று, கிணறு வற்றிய வீட்டைப் பற்றியது, இன்றும் வரிக்குவரி நினைவிருக்கிறது. எழுத்துப்பிழை மலிந்ததென்று அதனை ஒதுக்கியவர் நாமே. இதை மருமகனுக்குச் சொன்னோம். "அந்த அண்ணாவுக்கு அது தெரியுமா?" என்று கேட்டான். தெரியாது.

(2024ஆம் ஆண்டுப் போட்டியின் ஆறு விளையாட்டுகளில் ஒன்று, 2022இல் வென்ற 'எல்டன் றிங்'கின் பின்னிணைப்பாம். பழைய விடைத்தாளுக்கு இரண்டு தாள் கூட்டிக்கட்டி மறுபடியும் பரிசு கேட்பதை நாம் ஒப்போம்.)

2025இல் ஏறிய நான்கில் 'கோல்டன் ஐ' 1997இல் வெளிவந்தது. மருமகன் விரல்விட்டு எண்ணினான்.

"இருபத்தெட்டு வருடம். பலாட்ரோவுக்கும் அவ்வளவு காலம் ஆகுமென்றால், எனக்கு முப்பத்தொன்பது வயதாகிவிடும், மாமா."

"அப்பொழுதும் உனக்கு அது பிடித்திருந்தால் எமக்கு எழுது" என்றோம்.

திரும்பும் வழியில், வண்டியின் பின்னாசனத்தில், கைத்தொலைபேசியில் அவ்விளையாட்டை எமக்குக் கற்பித்தான். முந்நூற்றுநாலில் எவருக்கும் தோலாதவர் என்று ஊரிற் பெயரெடுத்த நாம், நயாகரா வருமுன் ஐந்து முறை தோற்றோம்.