வழிப்போக்கராய் வந்த புனிதர்

புனித பிரான்சிஸ் சவேரியாரின் பெருவிழா டிசம்பர் 3 ஆம் நாள். கோட்டாற்றில் கொடியேறும் அந்நாட்களில் நம் நினைவுக்கு முதலில் வருபவை அவருடைய புதுமைகளும், கோவாவில் காக்கப்பட்டுவரும் அவர்தம் திருவுடலும், அவர் கையால் திருமுழுக்குப் பெற்றோரின் எண்ணிக்கையுமே. இவை போற்றத்தக்கவையே. ஆயினும் அவர் எழுதிய கடிதங்களைப் பொறுமையோடு படிக்கும்போது வேறொரு மனிதரை நாம் சந்திக்கிறோம். மொழி தெரியாமல் தடுமாறியவர், எதிர்க்காற்றில் சிக்கியவர், தொலைவிலிருந்த தோழர்களை எண்ணி ஏங்கியவர். இந்தச் சவேரியாரே இன்று நம்மோடு நெருங்கிப் பேசுகிறார்.

நாம் அருட்பணியாற்றும் வேலப்பன்சாவடி, பூந்தமல்லி நெடுஞ்சாலையோரம் அமைந்த ஊர். சாவடி என்பது வழிப்போக்கர் தங்கி இளைப்பாறும் இடம். கரையான்சாவடி, குமணன்சாவடி என்று அதே பெயர் அருகிலும் தொடர்கிறது. மாட்டுவண்டிகள் போய், லாரிகளும் கல்லூரிப் பேருந்துகளும் விரையும் காலம் இது. எனினும் வழிப்போக்கர் வருகை மட்டும் நின்றபாடில்லை. நம் ஞாயிறு திருப்பலிக்கு வருவோருள் பலர், தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களிலிருந்து பிழைப்புக்காக வந்து, வீடு கட்டிக் குடியேறியவர்கள். அண்மை ஆண்டுகளில் வேறு சிலரும் வருகின்றனர். ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் கட்டட வேலைக்கும் தொழிற்சாலை வேலைக்கும் வந்த இளைஞர்கள் அவர்கள். கடைசி வரிசைக்கும் பின்னால் சுவரோரம் நிற்பார்கள். பாடல் புரியாது; மறையுரை புரியாது. நற்கருணை வாங்கிக்கொண்டு, எவரிடமும் பேசாமல் கலைந்து செல்வார்கள்.

மாதம் ஒருமுறை ஒரு வாசகத்தையும் ஒரு பாடலையும் அவர்கள் அறிந்த மொழியில் அமைக்கலாமா என்று பங்குப்பேரவையில் கேட்டோம். மணப்பாட்டுப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய பெரியவர் ஒருவர் எழுந்தார். "சாமி, சின்னப் பிள்ளையில இலத்தீன் பூசையில ஒண்ணும் விளங்காம முழங்கால் போட்டவன் நான். தமிழ்ல பூசை வந்தப்ப எங்க அப்பா கண்ணு கலங்கினாரு. இப்ப மறுபடியும் விளங்காத பாஷையா?" என்றார்.

அக்கேள்வியை எளிதாகத் தள்ளிவிட இயலாது. தாய்மொழிக்காக நெடுங்காலம் போராடிய மண் இது. இந்தி என்ற சொல்லே பலருக்கு உறுத்தும். ஆகவே அன்று முடிவெதுவும் எடுக்கவில்லை. "சவேரியார் திருவிழா வருகிறதே ஐயா, அவரிடமே கேட்போம்" என்று சொல்லிக் கூட்டத்தை முடித்தோம். பின்னர் அவருடைய வாழ்வையும் கடிதங்களையும் மீண்டும் புரட்டினோம். அங்கே நாம் கண்டவற்றை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

முதலாவதாக, அவர் வேறொருவருக்குப் பதிலாக வந்தவர். நவாரா நாட்டில் 1506 ஆம் ஆண்டு ஏப்ரல் 7 ஆம் நாள் உயர்குடியில் பிறந்து, பாரிஸ் பல்கலைக்கழகத்தில் பயின்று, இஞ்ஞாசியாரின் நட்பால் மனம் மாறியவர் சவேரியார். 1540 இல் இந்தியாவுக்கு அனுப்பப்படவிருந்தவர் பொபதில்லா என்ற தோழர். அவர் நோயுற்றதால் அழைப்பு சவேரியாரிடம் வந்தது. கிழிந்த உடைகளைத் தைத்துக்கொள்ளும் அவகாசமே அவருக்குக் கிடைத்தது. தம் முப்பத்தைந்தாம் பிறந்தநாளில் லிஸ்பனில் கப்பலேறியவர், 1542 மே 6 ஆம் நாள் கோவா வந்து சேர்ந்தார். இறைவனின் அழைப்பு பல வேளைகளில் இப்படித்தான் வருகிறது: வேறொருவர் விட்டுச்சென்ற வெற்றிடமாக, நாம் திட்டமிடாத நாளில்.

இரண்டாவதாக, அவர் மொழியின் முன் தம்மைத் தாழ்த்திக்கொண்டவர். முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. அம்மக்களுக்கு அவர் மொழி தெரியாது. விவரமறிந்த உள்ளூராரைக் கூட்டி, பல நாள் அவர்களோடு அமர்ந்து, செபங்களைத் தமிழாக்கி, அவற்றை மனப்பாடம் செய்தார். பின்பு கையில் மணியேந்தித் தெருத்தெருவாய்ச் சென்று சிறுவரையும் பெரியோரையும் அழைத்துச் சொல்லிக்கொடுத்தார். பாரிஸில் கற்பித்த பேராசிரியர் கடற்கரைச் சிறுவர் நடுவே மழலை பேசினார்.

அம்முதல் மொழிபெயர்ப்பில் பிழைகளும் இருந்தன. "விசுவசிக்கிறேன்" என்ற பொருள் வரவேண்டிய இடத்தில் "எனக்கு வேணும்" என்று அமைந்திருந்தது. கடவுளை நம்புகிறேன் என்பதற்குப் பதிலாகக் கடவுள் எனக்கு வேணும் என்று மக்கள் சொல்லி வந்தார்கள்! இதை உணர்ந்த சவேரியார், "வேணும்" என்பதை நீக்கி "விசுவாசம்" என்ற சொல்லை இடும்படி 1544 இல் தோழர் மான்சிலாசுக்குக் கடிதம் எழுதினார். வெட்கப்பட்டு மறைக்கவில்லை, கற்று, திருத்தி, தொடர்ந்தார். அந்தப் பிழைபட்ட செபத்தையும் இறைவன் கேட்டிருப்பார் என்றே நாம் நம்புகிறோம். விசுவாசத்தின் முதற்படி "நீர் எனக்கு வேணும்" என்ற ஏக்கம்தானே?

மூன்றாவதாக, செபம் கற்பித்ததோடு அவர் கடமை முடிந்துவிடவில்லை. 1544 ஜூனில் வடுகர் படை குமரிமுனைப் பகுதியில் புகுந்து சூறையாடியது. மக்கள் கடற்பாறைகளில் ஒளிந்து பசியாலும் தாகத்தாலும் வாடினர். செய்தியறிந்த சவேரியார் 20 தோணிகளோடு மணப்பாட்டிலிருந்து புறப்பட்டார். எதிர்க்காற்று விடவில்லை. தோணிகள் திரும்பின, அவர் திரும்பவில்லை. தரைவழியே நடந்தார். உணவில்லாதோர், நடக்க இயலா முதியோர், வழியிலேயே பிள்ளை பெற்ற தாய்மார் ஆகியோரின் அவலத்தைக் கண்டு நெஞ்சுருகி எழுதினார். ஆன்மாவைப் பற்றிப் பேச வந்தவர், அரிசியையும் தண்ணீரையும் பற்றிக் கவலைப்பட்டார்.

நான்காவதாக, நம் தலைநகருக்கே உரிய பாடம் ஒன்று. 1545 இல் அவர் மயிலாப்பூருக்கு வந்து, அங்கிருந்த பங்குக் குருவின் இல்லத்தில் ஏறத்தாழ நான்கு மாதம் தங்கினார். அடுத்து எங்கே செல்வது என்ற கேள்வியோடு, திருத்தூதர் தோமாவின் கல்லறையருகே நீண்ட நேரம் செபித்தார். மக்காசார் தீவுக்குச் செல்வதே இறைத்திட்டம் என்று மே 8 ஆம் நாள் அங்கிருந்து எழுதினார். ஆனால் அவர் மக்காசாரை அடையவேயில்லை. மலாக்காவுக்கும் அம்போன் முதலிய தீவுகளுக்கும் வழி திரும்பியது. 1552 டிசம்பர் 3 ஆம் நாள் சீனக் கரை கண்ணுக்கெட்டும் சாஞ்சியான் தீவில், உள்ளே நுழையாமலே உயிர்நீத்தார். செபித்து எடுத்த முடிவும் எண்ணியபடி நிறைவேறாமல் போகலாம். செபம் நமக்குத் தருவது பயணத்தின் வரைபடம் அன்று, புறப்படும் துணிவு.

அத்தனை அலைச்சலிலும் அவர் தனித்திருக்கவில்லை. தோழர்கள் எழுதிய கடிதங்களிலிருந்து அவர்கள் கையெழுத்தை வெட்டியெடுத்து, எப்போதும் தம்மோடு சுமந்து திரிந்தார். ஊரை விட்டு வந்தவனுக்கு ஒரு பெயர், ஒரு கையெழுத்து எத்தனை ஆறுதல் என்பதைச் சுவரோரம் நிற்கும் அந்த இளைஞர்கள் நன்கறிவர்.

சவேரியாரும் தம் காலத்தின் மகனே. பிற சமயத்தாரைப் பற்றி அவர் எழுதிய சில கடுஞ்சொற்களை இன்று நாம் வழிமொழிய இயலாது. பிற சமயங்களில் உண்மையும் புனிதமுமானவற்றைத் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்று 1965 இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தெளிவுபடுத்திவிட்டது. புனிதரைப் பின்பற்றுவது அவர் சொல்லை நகலெடுப்பதன்று. அவரை நடத்திய அன்பைக் கைக்கொள்வது.

அடுத்த கூட்டத்தில் "வேணும்" என்ற அச்செய்தியை எடுத்துரைத்தோம். பெரியவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அவரு தப்புந்தவறுமா சொன்னப்ப நம்ம பாட்டன்மாரு பொறுத்துக்கிட்டாங்கள்ல, சாமி" என்றார்.

இறையியல் நூல்களில் நாம் காணாத விளக்கம் அது. மறைபரப்பின் வரலாற்றை, வந்தவரின் வீரமாகவே எழுதிவிட்டோம். வரவேற்றவரின் பொறுமையும் அதில் சரிபாதி. மொழி அறியாத அந்நியனுக்குத் திண்ணையில் இடம் தந்து, அவன் திணறலுக்குக் காது கொடுத்து, சொல் திருத்திக் கொடுத்தவர்கள் நம் முன்னோர். ஜார்க்கண்டின் சோட்டாநாக்பூர் மலைமக்களிடையேயும் இப்படியே நிகழ்ந்தது. பெல்ஜியத்திலிருந்து வந்த இயேசு சபைக் குரு கான்ஸ்டன்ட் லீவன்ஸ் (1856-1893) அங்கு விதைத்த விதையின் பலனே பின்வரிசையில் நிற்கும் அந்த இளைஞர்களின் விசுவாசம்.

இப்போது மாதத்தின் முதல் ஞாயிறன்று ஒரு வாசகமும் ஒரு பாடலும் அவர்களுடையவை. இது எம்மொழியையும் எவர்மீதும் திணிப்பதன்று. விருந்தினர் தம் மொழியில் செபிக்க இடம் விடுவது. நாம் போற்றும் தாய்மொழி உரிமை அவர்களுக்கும் உண்டன்றோ? எல்லாருக்கும் உடன்பாடு என்று சொல்ல இயலாது. முணுமுணுப்பு இன்னும் உண்டு. ஆனால் சுவரோரம் நின்றவர்களில் சிலர் இருக்கைக்கு வந்துவிட்டார்கள். "இயேசுவுக்கே புகழ்" என்ற நம் வணக்கத்தை ஓர் இளைஞர் எழுத்துக்கூட்டிச் சொல்ல, பெரியவர் அதைத் திருத்திக் கொடுக்கிறார்.

அன்புக்குரியவர்களே, இறுதித் தீர்ப்பு நாளில் ஆண்டவர் தம்மை அந்நியரோடு அந்நியராக எண்ணிப் பேசுவார் என்று நற்செய்தி நமக்குச் சொல்கிறது. இப்பெருவிழாவில் மெழுகுதிரி ஏற்றுவோம், நவநாள் செபிப்போம். அத்தோடு, நம் ஆலயத்தின் கடைசி வரிசையைத் திரும்பிப் பார்த்து, அங்கு நிற்பவரின் பெயரைக் கேட்டறிவோம். நாம் அனைவரும் சாவடியில் ஓரிரவு தங்கும் பயணிகளே. முன்பே வந்தவர் பின்னே வருபவருக்குச் சற்று நகர்ந்து இடம் தருவதே இங்குள்ள ஒழுங்கு.