‘ருக்கோ’ன்னா நிக்கணும்!

“பனியில சறுக்கப் போறீங்களா? போன மாசம் நம்ம பாத்ரூம்லயே சறுக்கினீங்களே, அது பத்தாதா?” என்றாள் மனைவி.

நியாயமான கேள்விதான். நான் பி.காம்., அப்போது வயது முப்பத்தாறு, ஊர் திருச்சி. பிறந்ததிலிருந்து நான் பார்த்த பனிக்கட்டியெல்லாம் கரும்பு ஜூஸ் கடையில், சாக்குப்பைக்குள் இருந்ததுதான். அப்படிப்பட்டவன் ஒரு வாரம் குல்மார்க் போய் ஸ்கீயிங் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றால் யார்தான் சிரிக்க மாட்டார்கள்?

விதை போட்டவன் மச்சினன். பெங்களூரில் சாப்ட்வேர். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்ஸில் இந்தியக் கொடியைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு வீரர் போனாரே, ஆரிஃப் கான், அவரை டி.வி.யில் பார்த்ததிலிருந்து அவனுக்குப் பிடித்தது பைத்தியம். அவர் குல்மார்க் பக்கத்துக்காரர். ஜயன்ட் ஸ்லாலம் போட்டியில் 45-வதாக வந்தார்.

“மாமா, அவர் நாலு வயசுலயே கத்துக்கிட்டாராம்!”

“அப்ப நாம முப்பத்திரண்டு வருஷம் லேட்டு, மாப்ளே” என்றேன். ஆனால் ஆசை யாரை விட்டது? சீட்டு எடுத்த பணம் வேறு கையில் இருந்தது.

பி.காம். படித்தவனுக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்றுதான். நோட்டை எடுத்து நடுவில் கோடு கிழித்தேன். இந்தப் பக்கம் பற்று, அந்தப் பக்கம் வரவு. பற்று இரண்டு பக்கம் ஓடியது. வரவுப் பக்கத்தில் மச்சினன் தன் கையெழுத்தில் ஒரே வரி எழுதினான்: ‘அஃபர்வத் உச்சியிலிருந்து சறுக்கி இறங்குதல்.’

அஃபர்வத் என்பது குல்மார்க்கின் தலைமேல் நிற்கும் மலை. ‘கொண்டோலா’ என்று ஒரு கயிற்று வண்டி 1998-ல் பாதி மலை வரைக்கும், 2005-ல் அதற்கும் மேலே சுமார் 3,950 மீட்டர் வரைக்கும் போட்டார்கள். உலகத்தின் நாலா மூலையிலிருந்தும் ஆட்கள் பலகையைத் தூக்கிக்கொண்டு வருவது அந்த உச்சிக்காகத்தான். நம் தொட்டபெட்டா 2,637 மீட்டர். குல்மார்க் புல்வெளியே 2,650 மீட்டர். நாம் ஏறி முடித்து சுண்டல் வாங்கித் தின்னும் உயரத்தில்தான் அங்கே கணக்கே ஆரம்பிக்கிறது!

“புதுசா கத்துக்கிறவங்களுக்கு உத்தராகண்ட்ல அவுலி இருக்கே” என்று விஷயம் தெரிந்த நண்பர் ஒருவர் சொன்னார். மச்சினன் காதில் வாங்கவில்லை. மலை பெரிசாக இருந்தால் பாடமும் பெரிசாக இருக்கும் என்பது அவன் சித்தாந்தம்.

அடுத்தது, எப்போது போவது? பொங்கலுக்கு மறுவாரம் என்று குறித்தோம். காஷ்மீரில் டிசம்பர் 21-லிருந்து நாற்பது நாள் ‘சில்லை கலான்’. நம் அக்னி நட்சத்திரத்துக்கு நேர் எதிர்ப்பதம், குளிரின் உச்சம். அதற்குள் போனால் பனிக்குப் பஞ்சமில்லை என்று நினைத்தோம். ஆனால் 2024 ஜனவரியில் குல்மார்க்கில் பனியே இல்லை! புல்லும் மண்ணும் தெரியும் படம் பத்திரிகையில் வந்தது. நமக்கு வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் மாதிரி, அவர்களுக்கு மத்தியதரைக் கடல் பக்கமிருந்து காற்று ஈரத்தைக் கொண்டு வர வேண்டும். அந்த மாசம் அது வரவில்லை. டிக்கெட்டை பிப்ரவரிக்கு மாற்றினோம். மாற்றிய கட்டணம் பற்றில் ஏறியது. முதல் பாடம்: தேதியை மாற்ற வழியில்லாத டிக்கெட்டை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

பிறகு உடம்பு. ஒரு மாசம் தினமும் காலையில் மலைக்கோட்டைப் படி. ஏறுவதில்கூட வலி இல்லை. இறங்கும்போதுதான் தொடை நடுங்கும். சறுக்குவதற்கு வேண்டியது அந்தத் தொடைதான். வீட்டில் நாற்காலி இல்லாமலே சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து பழகினேன். பால்காரர் ஒரு நாள் பார்த்துவிட்டு, “சார், சேர் வேணுமா?” என்று பரிவோடு கேட்டார்.

பிறகு துணி. பருத்தி பனியன் கூடவே கூடாது; வேர்வையைக் குடித்து வைத்துக்கொண்டு உடம்பை விறைக்க வைக்கும். உள்ளே ஒட்டினாற்போல் ஒன்று, நடுவில் கம்பளி, மேலே காற்றும் ஈரமும் புகாத ஒன்று. கறுப்புக் கண்ணாடி அலங்காரத்துக்கு அல்ல. வெயில் மேலிருந்தும் அடிக்கும், பனியில் பட்டுக் கீழிருந்தும் அடிக்கும். இன்ஷூரன்ஸ் எடுத்தவர்கள் பொடி எழுத்தைப் படியுங்கள். சில பாலிசிகளில் ‘சாகச விளையாட்டு நீங்கலாக’ என்று ஒரு வரி ஓரமாக ஒளிந்துகொண்டிருக்கும். நான் எடுக்க இருந்த பாலிசியிலும் இருந்தது. வேறு எடுத்தேன்.

இத்தனையும் பார்த்துவிட்டு மனைவி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். “எது மேல வேணா ஏறுங்க. முழுசா வந்து சேருங்க.” சிரித்துக்கொண்டே சொன்னாள். கண்ணில் மட்டும் சிரிப்பு இல்லை.

பிப்ரவரி 17, சனிக்கிழமை. ஸ்ரீநகரிலிருந்து ஐம்பது கிலோமீட்டர். தங்மார்கில் வண்டி மாறி, சக்கரத்தில் சங்கிலி கட்டிய ஜீப்பில் கடைசிப் பதின்மூன்று கிலோமீட்டர். இரண்டு பக்கமும் தேவதாரு மரங்கள், வெள்ளைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு. எனக்குத் ‘தேன் நிலவு’ ஞாபகம் வந்தது. 1961-லேயே ஸ்ரீதர் காஷ்மீருக்குப் போய் எடுத்த படம். மச்சினனுக்கு எந்த ஞாபகமும் வரவில்லை. மலை உச்சியையே பார்த்துக்கொண்டு வந்தான்.

முதல் நாள் ஓய்வு. உயரம் உடம்புக்குப் பழக வேண்டும். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். அறையில் ‘புகாரி’ என்று விறகு அடுப்பு. சாப்பாட்டுக் கவலை ஒரு நிமிஷத்தில் தீர்ந்தது. காஷ்மீர்க்காரர்கள் நம்மை மாதிரியே சோறு சாப்பிடுகிறவர்கள்! நாம் வற்றல் போடும் தாமரைத் தண்டை அவர்கள் ‘நத்ரூ’ என்று குழம்பு வைக்கிறார்கள். அந்நிய தேசத்தில் சொந்தக்காரரைப் பார்த்தது போலிருந்தது.

வாடகைக் கடையில் பலகை, பூட்ஸ். கடைக்காரர் என் எடையைக் கேட்டார். ஐந்து கிலோ குறைத்துச் சொன்னேன். ஏற இறங்கப் பார்த்தார். விழுந்தால் பூட்ஸிலிருந்து பலகை கழன்றுகொள்ள வேண்டும். அந்தப் பூட்டின் இறுக்கத்தை எடை, உயரம், வயது, பழக்கம் எல்லாம் பார்த்துத்தான் வைப்பார்களாம். கழலாவிட்டால் முழங்கால் திருகும். டாக்டர், ஆடிட்டர், ஸ்கீ கடைக்காரர் மூன்று பேரிடமும் உண்மை பேசுவதுதான் நல்லது. இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டிருந்தேன். ஒன்றைக் கழற்றச் சொன்னார். இரண்டு போட்டால் உள்ளே மடிந்து, ரத்த ஓட்டம் குறைந்து, கால் இன்னும் சில்லிடும்.

ஞாயிறு காலை பாடம். எங்கள் மாஸ்டர் உள்ளூர்க்காரர், ஐம்பது வயதிருக்கும். என் ‘மத்யமா’ ஹிந்தியைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். முதலில் விழுவது எப்படி என்று சொல்லிக்கொடுத்தார். பக்கவாட்டில், மலைப் பக்கமாக விழ வேண்டும். எழுந்திருக்க எனக்குக் கால் மணி நேரம் ஆனது. அடுத்து ‘ஸ்னோ பிளவ்’. பலகைகளின் முனைகளைச் சேர்த்து, பின்பக்கத்தை அகட்டி, நமக்குப் புரிகிற மாதிரி சொன்னால், சமோசா வடிவத்தில் வைக்க வேண்டும். அகட்ட அகட்ட வேகம் குறையும். பயத்தில் பின்னால் சாய்ந்தால் பிடி விட்டு, வேகம்தான் கூடும். பள்ளத்தைப் பார்த்து முன்னால் சாய வேண்டுமாம். ஆயுசு முழுக்கப் பழகிய புத்திக்கு நேர் விரோதம்!

அதற்குப் பிறகு வானம் கொட்ட ஆரம்பித்தது. திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் பாடம் நடந்ததைவிட புகாரி பக்கத்தில் உட்கார்ந்ததுதான் அதிகம். ஏழு நாள் திட்டத்தில் நான் ஒரு நாளைக்கூடக் காலியாக விடவில்லை. இரண்டாவது பாடம்: ஏழு நாள் போனால் ஐந்து நாளைக்குத் திட்டம் போடுங்கள். மிச்சம் இரண்டு நாள் வானத்துடையது.

புதன்கிழமை வானம் வெளுத்தது. அன்றைக்குத்தான் அங்கே கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டு ஆரம்பம். இடுப்பு உயரப் பிள்ளைகளெல்லாம் அம்பு மாதிரி போகிறார்கள். எனக்கும் திடீரென்று வந்துவிட்டது. சறுக்குகிறேன்! காற்று முகத்தில் அடிக்கிறது! “ருக்கோ! ருக்கோ!” என்று மாஸ்டர் கத்துவது கேட்டது. நில் என்கிறார். ஆனால் எப்படி?

எதிரே ஒரு சறுக்குக் கட்டை. இழுத்துக்கொண்டு போகிறவர் என்னைப் பார்க்கவில்லை. கட்டை மேல் ஓர் அம்மா. மடியில் சிவப்புக் குல்லா போட்ட குழந்தை. சமோசாவெல்லாம் மறந்துபோய் பின்னால் சாய்ந்தேன். வேகம் கூடியது. விழத் தெரிந்ததுதான் காப்பாற்றியது. பக்கவாட்டில் விழுந்தேன். கழன்ற பலகை ஒன்று அந்தக் குழந்தையை ஒரு முழ தூரத்தில் தாண்டிப் போனது.

அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை, குழந்தையை இறுக்கிக்கொண்டாள். இழுத்து வந்தவர் கயிற்றைப் போட்டுவிட்டு வந்து என் முகத்தில் இருந்த பனியைத் துடைத்துவிட்டார். திட்டியிருந்தால் தேவலை.

அதுவரை என் நோட்டில் அபாயம் என்றால் என் கால், என் பணம், என் இன்ஷூரன்ஸ். அடுத்தவர் குழந்தைக்கு அதில் ஒரு வரிகூட நான் ஒதுக்கவில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

வியாழன், பிப்ரவரி 22. பளிச்சென்ற வெயில், புதுப் பனி. மச்சினனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவன் என்னைவிட நன்றாகவே சறுக்கினான். “மாமா, ஒரே ஒரு தடவை மேல போயிட்டு வந்துடலாம். காசு குடுத்தாச்சு, இனி எப்ப வரப்போறோம்?”

மாஸ்டர் மறுக்கவில்லை. சரிவில் ஒரு கோலை நட்டார். “மேலேயிருந்து வா. இதன் பக்கத்தில் நில். பத்துத் தடவை.”

மச்சினன் நின்றது மூன்று தடவை.

“மேலே கோல் இருக்காது” என்றார் மாஸ்டர். அவ்வளவுதான்.

மச்சினன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு டீக்கடையில் உட்கார்ந்தான். மாஸ்டர் என்னிடம் மெதுவாகச் சொன்னார். புதுப் பனி விழுந்து வெயில் வந்த நாள்தான் அழகு, அதுதான் அபாயமும். பழைய பனியோடு புதுசு சரியாக ஒட்டியிருக்காது. 2010 பிப்ரவரியில் கிலன்மார்க்கில் பயிற்சியில் இருந்த 17 ராணுவ வீரர்களைப் பனிச்சரிவு கொண்டுபோனது. 2023 பிப்ரவரியில் போலந்துக்காரர்கள் இரண்டு பேர் அஃபர்வத்தில் போனார்கள்.

அன்றைக்கே மதியத்துக்கு மேல் செய்தி இறங்கி வந்தது. மேலே பனிச்சரிவு. ரஷ்யாவிலிருந்து வந்த ஒருவர் இறந்துவிட்டார். கூடப் போனவர்களை மீட்டார்கள்.

நாங்கள் மேலே போயிருந்தாலும் அந்த இடத்துக்குப் போயிருக்க மாட்டோம். அதையும் சொல்லத்தான் வேண்டும். அங்கே அகப்பட்டவர்கள் எங்களைப் போலக் கத்துக்குட்டிகளும் அல்ல. ஆனாலும் அன்று ராத்திரி மச்சினன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். மறுநாள் காலை எனக்கு முன்னால் எழுந்து போய், அந்தக் கோலைத் தானே நட்டு வைத்திருந்தான். வெள்ளிக்கிழமை பூராவும் நின்று பழகினோம். சாயங்காலம் அவன் பத்துக்கு ஒன்பது, நான் பத்துக்கு ஏழு.

இனி போக நினைப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. 2025 ஏப்ரலில் பஹல்காமில் 26 பேரைச் சுட்டுக் கொன்றதற்குப் பிறகு காஷ்மீரில் பல இடங்களை மூடி, கட்டம் கட்டமாகத் திறந்தார்கள். அதனால் புறப்படும் முன் நிலைமையை விசாரித்துக்கொள்ளுங்கள். விமானம் பிடிக்காதவர்களுக்கு, 2025 ஜூனில் கத்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு வந்தே பாரத் ரயில் விட்டார்கள். நோட்டில் வரவுப் பக்கம் எந்த மலை உச்சியையும் எழுதாதீர்கள். ‘சொன்ன இடத்தில் நிற்கக் கற்றுக்கொள்ளுதல்’ என்று மட்டும் எழுதுங்கள். ஒரு வாரத்தில் கிடைப்பது அதுதான். அது இருந்தால் உச்சி எங்கேயும் ஓடிவிடாது.

திருச்சி வந்து சேர்ந்தேன். மனைவி வாசலிலேயே என்னைத் தலையிலிருந்து கால் வரை ஒரு தடவை எண்ணிப் பார்த்துக்கொண்டாள். எல்லாம் இருந்தது.

“அப்படி என்னதான் கத்துக்கிட்டீங்க?”

“நிக்க.”

“இதுக்கா அவ்வளவு பணம்? ‘ஏங்க, கொஞ்சம் நின்னு நான் சொல்றதைக் கேளுங்க’ன்னு பத்து வருஷமா இலவசமா சொல்லிக்கிட்டு இருக்கேனே!”