உப்பு எது, சர்க்கரை எது?

முதல் வகுப்பில் எம்.எஸ்ஸி. தேறிய ஒரு பெண், கடையில் இரண்டு வெள்ளைப் பொட்டலங்களைக் கையில் வைத்துக்கொண்டு, இதில் உப்பு எது, சர்க்கரை எது என்று தெரியாமல் விழிப்பாளா? விழிப்பாள், ஜப்பானில்!

கியோத்தோ நகரத்தில் இரண்டு வருஷம் படித்துவிட்டுச் சமீபத்தில் திரும்பிய ஒரு மாணவியை மாம்பலத்தில் அவள் வீட்டில் சந்தித்தேன். கியோத்தோ, 794-ஆம் ஆண்டிலிருந்து ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஜப்பானின் தலைநகரமாக இருந்த ஊர். கோயில்கள், தோட்டங்கள், காமோ நதி, வசந்த காலத்தில் செர்ரிப் பூக்கள் எல்லாவற்றையும் நீங்கள் படங்களில் பார்த்திருப்பீர்கள். ஆகையால் அவற்றைப் பற்றி நான் அவளை ஒன்றுமே கேட்கவில்லை. "போன முதல் மாதம் என்ன சாப்பிட்டாய்?" என்றுதான் கேட்டேன். அவள் தன் தாயாரைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு கதை இருந்தது.

"அக்கா, மூன்று வயதிலிருந்து புத்தகமும் கையுமாக வளர்ந்தவள் நான். அங்கே போய் இறங்கினதும் ஒரே நாளில் எழுத்தறியாதவள் ஆகிவிட்டேன்" என்றாள்.

ஜப்பானிய மொழியில் ஒலியெழுத்து வரிசை ஒன்றல்ல, இரண்டு. ஒவ்வொன்றிலும் அடிப்படை எழுத்துகள் 46. அதோடு போயிற்றா? சீனத்திலிருந்து வந்த சித்திர எழுத்துகள் வேறு. பொது வழக்குக்கென்று அரசாங்கம் 2010-இல் திருத்தி வெளியிட்ட பட்டியலில் மட்டும் 2,136 இருக்கின்றன. அவற்றில் 1,026-ஐ ஆரம்பப் பள்ளியை முடிப்பதற்குள் அந்த ஊர்க் குழந்தைகள் கற்றுவிடுகின்றன. நம் எம்.எஸ்ஸி.க்குத் தெரிந்தது பூஜ்யம்! கதவில் எழுதியிருப்பது 'தள்ளு' என்றா, 'இழு' என்றா? தெரியாது. நகராட்சியிலிருந்து வந்த கடிதம் வரி கேட்கிறதா, வரவேற்கிறதா? அதுவும் தெரியாது.

"கைபேசியைக் காட்டினால் அது மொழிபெயர்த்துச் சொல்லிவிடாதா?" என்கிறீர்களா? நானும் அதையேதான் கேட்டேன். சொல்லும். ஆனால் எவ்வளவு சொல்லும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

வீட்டைவிட்டுப் புறப்படும்போது தாயார் ஒரே ஒரு வாக்குத்தான் வாங்கிக்கொண்டாராம்: மீன், மாமிசம் தொடுவதில்லை என்று. பெண்ணும் ஜாக்கிரதையாகத்தான் இருந்தாள். சாதமும், 'மிசோ' என்கிற புளித்த சோயா விழுதில் செய்த சூப்பும், 'தோஃபு' என்கிற சோயாக் கட்டியும் அவளுக்கு ஆகாரம். சூப் பொட்டலத்தைக் கைபேசிக்குக் காட்டினாள். 'சாறு' என்றது அது. எதன் சாறு என்று சொல்லவில்லை. உணவகத்தில், "இதில் மீன் உண்டா?" என்று திக்கித் திணறிக் கேட்டாள். "இல்லை" என்று பணிவோடு தலை குனிந்தார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. கிண்ணத்தில் மீன் துண்டு இல்லை, அவ்வளவுதான்.

மூன்று வாரம் கழித்து வகுப்புத் தோழி ஒருத்தி சொல்லித்தான் தெரிந்தது. ஜப்பானிய சமையலுக்கு அஸ்திவாரமே 'தாஷி' என்கிற சாறு. நமக்குப் பருப்புத் தண்ணீர் எப்படியோ, அவர்களுக்கு அது. சூரை மீனை வேக வைத்து, புகை போட்டு, கட்டை மாதிரி உலர்த்தி, இழைப்புளியில் இழைத்த மாதிரி சீவிக் கொதிநீரில் போட்டு வடிகட்டுகிறார்கள். நம் தென்கரையில் மாசிக் கருவாடு என்கிறார்களே, அதற்கு நெருங்கிய உறவு. மிசோ சூப், நூடுல்ஸ் குழம்பு, காய்கறி வேகும் தண்ணீர் எல்லாவற்றிலும் அது உண்டு.

அன்றிரவு அந்தப் பெண் சாப்பிடவில்லை. அம்மாவிடம் சொல்லலாமா, வேண்டாமா என்று இரண்டு நாள் தவித்துவிட்டு, மூன்றாம் நாள் போன் செய்து அழுதிருக்கிறாள். தாயார் என்ன சொன்னார் தெரியுமா? "தெரியாமல் சாப்பிட்டதை விடு. இனிமேல் என்ன செய்யப் போகிறாய், அதைச் சொல்." எனக்கு அந்த அம்மாளை அப்போதே பிடித்துப் போயிற்று.

செய்ய வேண்டியதைக் காட்டிக் கொடுத்தவர் அடுத்த வீட்டுப் பாட்டி. அறிமுகமே குப்பையால் ஏற்பட்டது! கியோத்தோவில் எரிக்கக்கூடிய குப்பையை மஞ்சள் பையில் கட்டி, குறித்த கிழமையில், காலை எட்டு மணிக்குள் வைக்க வேண்டும். நம் பெண் ஏதோ ஒரு பையில், ஏதோ ஒரு கிழமையில் கொண்டுபோய் வைக்க, பாட்டி அதைத் திரும்பக் கொண்டுவந்து வாசலில் நின்றார். கோபமில்லை, கையில் ஒரு மஞ்சள் பை கொடுத்துவிட்டுப் போனார்.

ஜப்பானில் 'ஒபசான்' என்றால் மாமி, 'ஒபாசான்' என்றால் பாட்டி. வெள்ளைக்கார மாணவர்கள் இதில் தடுக்கி விழுந்துகொண்டேயிருப்பார்களாம். குறிலும் நெடிலும் படித்து வளர்ந்த நமக்கு என்ன கஷ்டம்? வாக்கிய அமைப்பும் நம்முடையது போலத்தான். வினைச்சொல் கடைசியில் வந்து உட்காருகிறது. எழுத்து வரிசைகூட அ, இ, உ, எ, ஒ என்று தொடங்கி, க, ச, த, ந என்று போகிறது. புத்த மதத்தோடு போன வடமொழி இலக்கணத்தின் சாயல் அது. சுசுமு ஓனோ என்ற ஜப்பானியப் பேராசிரியர் தமிழும் ஜப்பானியமும் உறவு என்றே வாதித்தார். மொழியியல் அறிஞர்களில் பெரும்பாலோர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. உறவோ இல்லையோ, பேச்சு சீக்கிரம் வந்துவிட்டது, எழுத்துதான் வரவில்லை.

ஆகவே கடிதம் வந்தால் பாட்டியிடம் எடுத்துக்கொண்டு ஓடுவாள். பாட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு வரியாக விரல் வைத்து, நிதானமாகச் சொல்லுவார். "அக்கா, எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் பொன்னம்மா மருந்துச் சீட்டைக் கொண்டுவந்து நீட்டுவாள். நான் காலேஜ் அவசரத்தில் நின்றபடியே ஏதோ சொல்லிவிட்டு ஓடியிருக்கிறேன்" என்றாள் அந்தப் பெண். பிறகு சற்று நேரம் பேசவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

பாட்டியின் சமையலறையில்தான் முதலில் இரண்டு சித்திர எழுத்துகள் கற்றாள். மாமிசத்துக்கு ஒரு வாசல். அதற்குள் ஒருவன் கீழ் ஒருவனாக இரண்டு ஆட்கள். மீனுக்கு அடியில் நாலு புள்ளிகள். ஆத்திசூடி மாதிரி தினம் எழுதிப் பார்த்தாளாம். சூப்புக்கு வழி 'கொம்பு'. பயப்படாதீர்கள், மாட்டுக் கொம்பு அல்ல. வடக்குக் கடலில் விளையும் ஒரு பாசிக்குத்தான் அந்தப் பெயர். அதை ராத்திரி தண்ணீரில் ஊற வைத்து, காலையில் உலர்ந்த காளானோடு சூடாக்கினால் மீனில்லாத தாஷி தயார். கியோத்தோ புத்த மடங்களில் இதுதான் வழக்கம்.

இன்னொரு செய்தி கேளுங்கள். இதே ஊரில் பிறந்த கிகுனாயே இகெதா என்ற ரசாயனப் பேராசிரியர் 1908-இல் இந்தக் கொம்புச் சாற்றை ஆராய்ந்துதான் அதன் ருசிக்குக் காரணமான பொருளைப் பிரித்தெடுத்தார். அடுத்த வருஷமே அது கடைக்கு வந்தது. நமக்குத் தெரிந்த பெயர்தான்: அஜினோமோட்டோ!

ஊருக்குத் திரும்பும்போது பாட்டி ஒரு கட்டுக் கொம்பு கொடுத்தனுப்பியிருக்கிறார். தாயார் அதை எடுத்துக் காட்டினார். பழைய தோல் வார் மாதிரி கறுத்துக் கிடந்தது. ஒரு நாள் அதை ஊற வைத்து அந்தத் தண்ணீரில் ரசம் வைத்தாராம். வீட்டுக்காரர் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "இன்றைக்குப் பெருங்காயம் நன்றாக இருக்கிறதே, எந்தக் கடை?" என்று கேட்டாராம்.