பயத்தை எண்ணி வாசிப்பவர்கள்

பேய்ப் படத்துக்கு வாசிக்க வரும் வயலின்காரரின் பெட்டியில் இரண்டு வில் இருக்கும். ஒன்று நல்ல வில். பிரேசில் மரம், குதிரைவால் முடி. விலையைக் கேட்டால் சிரித்து மழுப்புவார்கள். இன்னொன்று கற்றுக்கொண்ட காலத்தில் வாங்கிய மலிவு வில். நோட்ஸில் ‘கோல் லெஞ்ஞோ’ என்று வந்தால் வில்லைத் திருப்பிப் பிடித்து, முடிக்குப் பதிலாக மரத்தால் தந்தியைத் தட்ட வேண்டும். இருபது பேர் சேர்ந்து தட்டும்போது எலும்புகள் உதிர்வதுபோல் ஒரு சத்தம் கிளம்பும். வில்லின் வார்னிஷ் பெயர்ந்துவிடும் என்பதால் அதற்கு நல்ல வில்லை எவரும் தொடுவதில்லை.

சாலிகிராமத்தில் ஒரு ஒலிப்பதிவுக்கூடம். வெளிவர இருக்கும் ஒரு திகில் படத்தின் ஆர்.ஆர்., அதாவது பின்னணி இசை, அங்கே நடந்துகொண்டிருந்தது. படத்தின் பெயரை எழுதக் கூடாது, செருப்பை வெளியே விட வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளோடு இசையமைப்பாளர் என்னை உள்ளே விட்டார். பன்னிரண்டு வயலின், நான்கு வியோலா, மூன்று செலோ, ஒரு டபுள் பாஸ். பித்தளை வாத்தியம் கிடையாது, டிரம் கிடையாது. இந்தப் படத்தின் பயம் முழுவதையும் தந்திகள்தான் சுமக்க வேண்டும்.

வாசிப்பவர்கள் யாருக்கும் கதை தெரியாது. திரை கண்டக்டருக்கு மட்டும். மற்றவர்களுக்கு ஸ்டாண்டில் காகிதம், ஒரு காதில் ஹெட்போன். மறு காது பக்கத்து நாற்காலிக்காரரைக் கேட்பதற்குத் திறந்திருக்கும். காகிதத்தின் தலைப்பில் ‘3எம்7’ என்றிருந்தது. மூன்றாவது ரீல், ஏழாவது இசைத் துண்டு. ஃபிலிம் சுருள் போய் வெகுகாலமாகிவிட்டாலும் ரீல் கணக்கு இன்னும் போகவில்லை. கதாநாயகி மாடிப்படி ஏறுகிறாள், கடைசி அறையின் கதவு தானாகத் திறக்கிறது என்பதைக் கண்டக்டரின் திரையை எட்டிப் பார்த்து நான் தெரிந்துகொண்டேன். வாசிப்பவர்களுக்கு அது 19ஆம் பாரின், அதாவது தாளக் கட்டத்தின், மூன்றாம் அடி, அவ்வளவுதான்.

ஹெட்போனில் ஓடும் கிளிக் நிமிடத்துக்கு 72 அடி. நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும் படத்தில் ஓர் அடிக்குச் சரியாக 20 ஃபிரேம். நாயகியின் பாதம் படியில் படுவதற்கும் செலோ அழுந்துவதற்கும் நடுவே நான்கு ஃபிரேம் தள்ளினாலே அது வேறு காட்சியாகிவிடும் என்றார் ஒலிப்பதிவாளர். முப்பது பார், ஒரு நிமிடம் நாற்பது நொடி. இதைப் பதிவுசெய்யக் காலை கால்ஷீட்டில் பாதி போயிற்று.

அந்த நேரம் எங்கே போயிற்று என்பதுதான் நான் பார்க்க வந்தது. முதல் எட்டு பார்களில் வயலின்கள் தந்தியைத் தாங்கும் குதிரைக்கு ஒட்டி, வில்லை மிக வேகமாக நடுங்கவிட்டு, கேட்டும் கேட்காத அளவில் வாசிக்க வேண்டும். அந்த இடத்தில் உரசினால் தந்தியின் இனிமை போய்க் கண்ணாடி கீறுகிற உலோக ஒலி மிஞ்சும். ஓங்கி வாசிப்பது சுலபம்; இந்த அடங்கிய நடுக்கத்தில்தான் மணிக்கட்டு சோர்ந்துவிடுகிறது. ஏ.சி. இரைச்சல் மைக்கில் விழுமென்று அதையும் நிறுத்திவிடுவார்கள். சென்னைப் புழுக்கத்தில் விரல் வழுக்கும், தந்தி இறங்கும். ஒரு டேக் முடிந்ததும் ஏ.சி. போடு, சுருதி சேர், மறுபடி ஏ.சி. நிறுத்து.

ஒன்பதாம் பாரிலிருந்து பன்னிரண்டு வயலின்களுக்கும் பன்னிரண்டு வெவ்வேறு ஸ்வரங்கள், ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நெருக்கமாக. அங்கிருந்து எல்லாரும் மெதுவாக மேலே வழுக்க வேண்டும். ஒருவர் வழுக்கும் வேகம் அடுத்தவருடையதாக இருக்கக் கூடாது. நோட்ஸில் அந்த இடத்தில் ஸ்வரப் புள்ளிகள் இல்லை, சாய்வாக ஒரு தடித்த கோடு மட்டும். கர்நாடக சங்கீதக் குடும்பத்திலிருந்து வந்த மூத்த வயலின்காரர் ஒருவருக்கு அதில் சிக்கல் வந்தது. அவர் விரல் வழுக்கியபோது ஒவ்வொரு ஸ்வரத்தையும் தொட்டுத் தொட்டு, ஜாரு பிடித்து, கேட்க அழகாகப் போயிற்று.

“அண்ணா, ரொம்ப நல்லா இருக்கு. நல்லா இருக்கக் கூடாது” என்றார் கண்டக்டர்.

இடைவேளையில் டீயோடு மூத்தவர் என்னிடம் சொன்னார்: “ஐம்பது வருஷமா அபஸ்வரம் வந்துடக் கூடாதுன்னு சாதகம் பண்ணினேன் சார். இப்போ அபஸ்வரம் சரியா விழலைன்னு ஒன் மோர் கேக்கறா.”

அவருடைய பக்கத்து நாற்காலிப் பெண் டிரினிட்டி கிரேடு தேர்வுகள் எழுதி வந்தவர். அவருக்கு இந்தக் கோடுகள் பழக்கம். பழக்கமே தவிர, பயம் உண்டாவதில்லை. எண்ணிக்கொண்டிருக்கும்போது பயப்பட நேரமில்லை என்றார்.

அந்தத் தடித்த கோடுகளின் வழியைத் தேடிப் போனால் திகில் படம் எதுவும் முதலில் வராது. போலந்துக்காரரான பெண்டெரெட்ஸ்கி 1960இல் 52 தந்தி வாத்தியங்களுக்கு எழுதிய, பின்னர் ஹிரோஷிமாவில் இறந்தவர்களுக்கென்று பெயரிட்ட படைப்பு வரும். முடிந்த மட்டும் உச்ச ஸ்வரம், குதிரைக்குப் பின்னால் வில், வாத்தியத்தின் உடலில் தட்டு என்று கேட்பதற்குப் புது அடையாளங்களையே அவர் உருவாக்க வேண்டியிருந்தது. அவருடைய வேறு படைப்புகளைக் குப்ரிக் ‘தி ஷைனிங்’ (1980) படத்தில் எடுத்துப் போட்டுக்கொண்டார். அதன் பிறகு அந்த ஒலிக்கூட்டம் பேய்க்கே உரியதாகிவிட்டது.

அதே 1960இல்தான் ‘சைக்கோ’வும். பணம் குறைவு என்பதால் பெர்னார்ட் ஹெர்மன் தந்திகளை மட்டும் வைத்து எழுதினார். குளியலறைக் கொலைக்கு இசையே வேண்டாம் என்று முதலில் இருந்த ஹிட்ச்காக், அவர் எழுதியதைக் கேட்ட பிறகு மாறினார். படத்தின் தாக்கத்தில் 33 சதவீதம் இசையால் வந்தது என்று பிற்பாடு கணக்கும் சொன்னார். எல்லாரும் நினைவில் வைத்திருப்பது அந்தக் கீச்சொலியை. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறொன்று. படம் நெடுக வாத்தியங்களின் குதிரையில் சின்ன மியூட் செருகி, ஒலியை அமுக்கி வாசிக்கவைத்த ஹெர்மன், அந்த ஒரு காட்சிக்கு மட்டும் மியூட்டைக் கழற்றச் சொன்னார். கத்தி அவ்வளவு கூராகக் கேட்பதற்கு அதற்கு முந்தைய அமுக்கம்தான் காரணம். நம் பேய்ப் படங்கள் பலவற்றில் கதவு, பூனை, பாட்டி எது வந்தாலும் ஓர் இடி இடிக்கிறதே, அங்கே அமுக்கமும் இல்லை, அதனால் கூரும் இல்லை.

மூத்தவர் ஏவிஎம் ஆர்.ஆர். தியேட்டர் காலத்து ஆள். இளையராஜா ரீலைப் பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து எழுதுவதையும், மை காய்வதற்குள் அது ஸ்டாண்டுக்கு வருவதையும் சொன்னார். பாட்டே இல்லாத ‘ஓநாயும் ஆட்டுக்குட்டியும்’ (2013) பற்றிப் பேசும்போது அவர் குரலில் ஒரு பெருமிதம். இப்போது பெரிய படங்கள் புடாபெஸ்ட்டுக்கும் வட மாசிடோனியாவின் ஸ்கோப்யேவுக்கும் போய்விடுகின்றன. இங்கிருந்து நோட்ஸை அனுப்பி, இணையத்தில் பார்த்தபடியே பதிவுசெய்கிறார்கள். சின்னப் படங்களுக்குக் கணினியே போதும். ஐரோப்பிய இசைக்குழுக்களின் நடுக்கத்தையும் வழுக்கலையும் பதிவுசெய்து விற்கும் ஒலித் தொகுப்புகள் இருக்கின்றன. ஒரு விசையை அழுத்தினால் நாற்பது வயலின் அலறும். காதல் பாட்டின் வயலினைவிடத் திகிலைத்தான் இயந்திரம் சுலபமாக எடுத்துக்கொண்டது. அபஸ்வரத்தில் போலி எது, அசல் எது என்று யார் கண்டுபிடிப்பது? ஆனால் ஒரே அலறல் பல படங்களில் வந்து, பார்வையாளருக்கு அது பழகிப்போனது. இந்த இசையமைப்பாளர் செலவு பார்க்காமல் இருபது பேரை வரவழைத்ததற்கு அதுவே காரணம். ஓங்கும் இடங்களில் அதே இருபது பேரை மூன்று தடவை வாசிக்கவைத்து அடுக்கி, அறுபதாகக் காட்டினார்.

மதியத்துக்குச் சற்று முன் இயக்குநர் வந்தார். இசையமைப்பாளர் எழுதியிருந்தபடி, கதவு திறப்பதற்கு இரண்டு அடி முன்பே எல்லா வாத்தியமும் நின்றுவிடும். கதவு வெறுமையில் திறக்கும். இயக்குநர் முகம் சுளித்தார். “சார், அந்த இடத்துல தியேட்டர் அலறணும்.” இருவரும் கண்ணாடி அறைக்குள் கைகளை ஆட்டிப் பேசியது எங்களுக்குக் கேட்கவில்லை. கடைசியில் இரண்டு விதமாகவும் எடுப்பதென்று முடிவாயிற்று. நின்றுபோகும் வடிவம் முதல் டேக்கிலேயே ஓகே. மூன்றாம் அடியில் எல்லாரும் ஓங்கி அறையும் வடிவத்துக்கு மூன்று ஒன் மோர்.

எது படத்தில் வரும் என்று மூத்தவரிடம் கேட்டேன். தந்தியில் ஒட்டியிருந்த ரோஸின் பொடியைத் துணியால் துடைத்துக்கொண்டே, “இடிதான் சார் வரும். டிரெய்லர்ல அதைத்தானே போட முடியும்” என்றார்.